ஒரே பள்ளம், நான்கு சக்கரங்கள்: நெளிந்த அசல் வீலை என்ன செய்வது?



பழைய கார்களைப் பேணுவோர் கூடும் இடத்தில் எஞ்சினைப் பற்றி மணிக்கணக்கில் பேச ஆள் இருக்கிறது. பெயின்ட்டின் நிறம் சரியா, இருக்கைத் தோல் அந்தக் காலத்ததா, ஹாரன் ஒலி மாறிவிட்டதா என்றெல்லாம் வாதம் நடக்கும். சக்கரத்தின் பேச்சு மட்டும் அது நெளிந்த பிறகுதான் எழுகிறது. காரையும் சாலையையும் இணைப்பவை நான்கே சக்கரங்கள். அவற்றில் ஒன்று கோணிவிட்டால் என்ன செய்வது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

பேச்சுக்கு வசதியாக நான்கு கார்களை எடுத்துக்கொள்ளலாம். முதலாவது, 1961 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமான ஜாகுவார் ஈ-டைப். அதன் டன்லப் கம்பிச் சக்கரம் 15 அங்குல விட்டமும் 72 ஸ்போக்ஸும் கொண்டது. இரண்டாவது, 1966 மார்ச்சில் அதே ஜெனீவாவில் உலகம் பார்த்த லம்போர்கினி மியூரா. அது ஓடியது காம்பனோலோ வார்த்துக் கொடுத்த மெக்னீசியம் சக்கரங்களில். மூன்றாவது, 1967ஆம் ஆண்டு மாடலாக வந்த போர்ஷ 911 எஸ். ஜெர்மனியின் மைனர்ட்ஸ்ஹாகன் நகரிலுள்ள ஓட்டோ ஃபுக்ஸ் நிறுவனம் அதற்காக அலுமினியத்தை அடித்து உருவாக்கிய ஐந்து இதழ்ச் சக்கரம் இன்று காரைவிடப் புகழ் பெற்றது என்றுகூடச் சொல்லலாம். நான்காவது, நமக்கு மிகவும் நெருக்கமான அம்பாசடர். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்து, 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் உருவான வண்டி. அதற்கு எஃகுத் தகட்டை அழுத்திச் செய்த 15 அங்குலச் சக்கரம்.

இந்த நான்கும் ஒரே சாலையில், ஒரே வேகத்தில், ஒரே பள்ளத்தில் விழுகின்றன என்று வைத்துக்கொள்வோம். நான்கு ரிம்களும் நெளிகின்றன. உரிமையாளர்கள் நால்வரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: ‘நிமிர்த்திவிடலாமா?’ நால்வருக்கும் கிடைக்கும் பதில் ஒன்றல்ல.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நடுக்கம் வந்த உடனே ரிம்மைக் குற்றம் சொல்வது பட்டறைகளில் அன்றாடம் நடக்கும் அவசரம். பழைய கார்கள் ஓடுவதைவிட நிற்பதே அதிகம். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்ற காரின் டயர் தரையைத் தொட்ட இடத்தில் தட்டையாகிவிடும். அது தரும் நடுக்கமும் நெளிந்த ரிம் தரும் நடுக்கமும் கைக்கு ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் டயர் சூடேறச் சூடேறத் தட்டைப் பகுதி பெரும்பாலும் தணிந்துவிடும். ரிம்மின் நெளிவு தணியாது. பேரிங் தளர்ந்திருக்கலாம். பிரேக் டிரம் வட்டம் பிசகியிருக்கலாம். சக்கரம் அமரும் ஹப்பே அதே அடியில் வளைந்திருக்கலாம். முன் சக்கரத்தைப் பின்னுக்கு மாற்றிப் பார்ப்பது எளிய முதல் சோதனை: ஸ்டீயரிங்கில் இருந்த நடுக்கம் இருக்கைக்கு இடம்பெயர்ந்தால் குற்றம் சக்கரத்திலோ டயரிலோ இருக்கிறது, ஸ்டீயரிங்கிலேயே நின்றால் வேறெங்கோ.

அதற்குப் பிறகுதான் டயல் கேஜ். டயரைக் கழற்றி, ஹப்பின் முகத்தை முதலில் அளந்து, அது நேராக இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு, பிறகே ரிம்மை அளக்க வேண்டும். டயரின் ஓரம் வந்து அமரும் உள்விளிம்பில் கேஜின் முனையை வைத்துச் சக்கரத்தை மெல்லச் சுற்றினால் இரண்டு விதப் பிசகு தெரியும். ஒன்று பக்கவாட்டு ஆட்டம். மற்றது மேலும் கீழுமான துள்ளல். எவ்வளவு ஆட்டத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதை அந்தந்தக் காரின் பட்டறைக் கையேடு சொல்லும். அலுமினியச் சக்கரத்துக்கு எல்லை மிகக் குறுகியது. கம்பிச் சக்கரத்துக்குக் கையேடுகளே கூடுதல் இடம் கொடுக்கின்றன.

சில மில்லிமீட்டர் பிசகுக்கு ஏன் இவ்வளவு கவலை? 65 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயர், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்கு 13, 14 முறை சுழல்கிறது. அத்தனை முறையும் அந்த நெளிவு சாலையை உதைக்கிறது. பேலன்சிங் செய்து ஈயத்துண்டு ஒட்டினால் சரியாகிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. ஈயம் எடையைச் சமன்செய்யும், வட்டத்தை வட்டமாக்காது. துள்ளல் உள்ள சக்கரம் பேலன்சிங் மெஷினில் பூஜ்யம் காட்டிவிட்டுச் சாலையில் துள்ளிக்கொண்டே இருக்கும்.

அளக்கும்போது சக்கரத்தின் உட்பக்கத்தை, அதாவது காரை நோக்கிய பக்கத்தை, மறக்கக் கூடாது. பல சக்கரங்களில் நடுத்தட்டு வெளிவிளிம்பை ஒட்டியே இருப்பதால், தாங்கல் குறைந்த உள்விளிம்புதான் பள்ளத்தில் முதலில் நெளிகிறது. வெளியே பளபளக்கும் சக்கரம் உள்ளே கோணிக் கிடப்பது அரிய காட்சியல்ல.

இனி நான்கு சக்கரங்களுக்கு வரலாம்.

அம்பாசடரின் எஃகுச் சக்கரம்தான் இந்த நால்வரில் பொறுமைசாலி. குறைந்த கார்பன் கொண்ட எஃகு, முறியும் முன் நன்றாக வளையும்; வளைந்ததைத் திருப்பவும் முடியும். ரிம்மின் விளிம்பு மட்டும் நெளிந்திருந்தால், டயரைக் கழற்றி, சக்கரத்தைத் தாங்கியில் பொருத்தி, ஹைட்ராலிக் அழுத்தியால் சிறிது சிறிதாகப் பெண்ட் எடுத்து, ஒவ்வொரு முறையும் கேஜால் சரிபார்த்தால் அசல் சக்கரம் மீண்டும் சாலைக்கு வந்துவிடும். டயரோடு சேர்த்துப் போட்டுச் சம்மட்டியால் நாலு அடி அடிப்பது இந்த வேலையல்ல. அந்த அடியில் விளிம்பு நேராவதுபோல் தெரியும். பக்கத்தில் வேறொரு மேடு எழும்பியிருக்கும்.

எஃகின் பொறுமைக்கும் எல்லை உண்டு. நட் அமரும் குழிகள், நடுத்தட்டு, தட்டும் ரிம்மும் சேரும் வெல்டிங், காற்றுத் துளைகளின் ஓரம் ஆகிய நான்கு இடங்களில் வளைவோ விரிசலோ தெரிந்தால் அந்தச் சக்கரம் இனி ஓடக் கூடாது. நட்டை அளவுக்கு மீறி இறுக்கி இறுக்கி நீள்வட்டமாகிப்போன துளைகளும் அப்படியே. டியூப் டயருக்காகச் செய்த பழைய ரிம்மில் இன்னொரு கவனமும் தேவை. இன்றைய ரிம்களில் டயரின் ஓரம் உள்ளே நழுவாமல் தடுக்கும் மேடு இருக்கும். பழையவற்றில் அது கிடையாது. நிமிர்த்திய ரிம்மில் ‘டியூப்லெஸ்’ போட்டுவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் ஏற்கக் கூடாது. காற்று குறைந்த நேரத்தில், வளைவில், டயர் ரிம்மை விட்டு நழுவ அது வழி செய்யும்.

எஃகுச் சக்கரத்தில் ஒரு நிம்மதி உண்டு: மாற்று கிடைப்பது கடினமல்ல. சென்னை பாடியில் வீல்ஸ் இந்தியா நிறுவனம் 1960களிலிருந்து சக்கரங்கள் செய்துவருகிறது. அந்தத் தலைமுறை எஃகு வீல்கள் நாட்டின் பழைய உதிரிபாகச் சந்தைகளில் இன்னும் புழங்குகின்றன. ஒரு ரிம்மைக் காப்பாற்ற உயிரைப் பணயம் வைக்கும் கட்டாயம் யாருக்கும் இல்லை.

ஈ-டைப்பின் கம்பிச் சக்கரம் முற்றிலும் வேறு குணம். பிரித்துச் சேர்க்கவே பிறந்த சக்கரம் அது. ரிம், ஸ்போக்ஸ், நிப்பிள், ஹப் என்று நான்கு பாகங்கள். எல்லாக் கம்பிகளும் முன்கூட்டியே இழுத்துக் கட்டப்பட்டவை. சாலையின் அடி வரும்போது கீழ்க்கம்பிகளின் இழுவிசை சற்றுக் குறைகிறது, சக்கரம் முழுவதும் அந்தச் சுமையைப் பங்கிட்டுக்கொள்கிறது. தெருமுனைச் சைக்கிள் கடையில் கோட்டம் எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலையின் அடிப்படை புரியும். நிப்பிளைக் கால் சுற்று இறுக்கி, எதிர்ப்பக்கத்தைக் கால் சுற்றுத் தளர்த்தி, ரிம்மை நேருக்குக் கொண்டுவருவது. ஆனால் சைக்கிள் வீலில் வழக்கமாக 32, 36 கம்பிகள், இங்கே 72. அவையும் வெவ்வேறு கோணங்களில் அடுக்கடுக்காகப் பின்னப்பட்டவை. ஒரு நிப்பிளைத் தொட்டால் எதிர்வரிசையும் பதில் சொல்லும்.

இங்கே நடக்கும் பெரிய தவறு ஒன்று உண்டு. ரிம்மின் உலோகமே நெளிந்திருக்கும்போது, கம்பிகளை முறுக்கியே அதை இழுத்து நேராக்கப் பார்ப்பது. அப்படிச் செய்தால் நெளிவுக்கு அருகிலுள்ள கம்பிகள் வீணைத் தந்தி விறைப்பில் நிற்கும், அடுத்தவை தொய்ந்துபோகும். கேஜில் சக்கரம் நேராகத் தெரியும். சில நூறு கிலோமீட்டருக்குள் விறைத்த கம்பிகள் ஒவ்வொன்றாக அறும். சரியான முறையில், அந்தப் பகுதியின் கம்பிகளை முதலில் தளர்த்தி, ரிம்மைத் தனியே அழுத்தி நேராக்கி, பிறகு மொத்தச் சக்கரத்தையும் புதிதாக இழுத்துக் கட்ட வேண்டும். நெளிவு பெரிதென்றால் புது ரிம், புதுக் கம்பிகள் போட்டு அசல் ஹப்பில் பின்னிவிடலாம். ஒரே சீரான இழுவிசை உள்ள சக்கரத்தின் கம்பிகளைச் சிறு ஸ்பேனரால் வரிசையாகத் தட்டினால் ஒத்த ஒலி வரும். ஒரு கம்பி மந்தமாக ஒலித்தால் அது தொய்ந்திருக்கிறது. கடைசியில், நிப்பிளுக்கு மேலே நீட்டிய கம்பி முனைகளை அரம் போட்டுச் சமமாக்கி ரிம் டேப் சுற்ற வேண்டும். இல்லையேல் டியூப் கிழியும்.

ஹப்பையும் பார்க்க வேண்டும். காரின் ஹப்பும் சக்கரத்தின் ஹப்பும் பல்வரிசையால் பிணைகின்றன. அந்தப் பற்கள் கத்தி முனைபோல் கூர்ந்திருந்தால் தேய்ந்துவிட்டன என்று பொருள். அதில் எவ்வளவு அழகாகக் கம்பி பின்னினாலும் பயனில்லை. நடுவே இறுக்கும் பெரிய நட்டுக்கு இடப்பக்கத்துக்கு ஒரு திருகு, வலப்பக்கத்துக்கு எதிர்த்திருகு. மாறிப்போனால் ஓட ஓடத் தளரும். அழகுக்காகக் கம்பிகளுக்குக் குரோம் பூசுவோர் ஒன்றை நினைவில் கொள்வது நல்லது: பூச்சுத் தொட்டியில் ஹைட்ரஜன் எஃகுக்குள் நுழைந்து வலுமிக்க கம்பியை நொறுங்கத்தக்கதாக்கிவிடும். பூசிய உடனே சுமார் 200 டிகிரியில் சில மணி நேரம் சூடாக்கி அந்த வாயுவை வெளியேற்றும் பூச்சாளரிடம்தான் ஸ்போக்ஸைக் கொடுக்க வேண்டும்.

மூன்றாவதாக போர்ஷவின் ஃபுக்ஸ். சிறுசிறு சேதத்துக்கும் உரிமையாளர்கள் மிகவும் கலங்கும் சக்கரம் இது, காரணமும் இருக்கிறது. போர்ஷ குடும்பத்தின் ஃபெர்டினாண்ட் அலெக்சாண்டர் போர்ஷவும் மாடல் கூடத்தின் ஹைன்ரிஷ் கிளீயும் வடிவம் கொடுத்தார்கள். அலுமினியக் கட்டியைப் பெரும் அழுத்தியில் அடித்து உருவாக்கி, விளிம்பைப் பிளந்து உருட்டி ரிம்மாக்கினார்கள். முதலில் வந்தது 4.5 அங்குல அகலம். பிறகு 6 அங்குல ‘டீப் சிக்ஸ்’ போன்றவை. பின்புறத்தில் பாக எண்ணும் அளவும் செய்த மாதமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். காரின் பிறந்த தேதிக்கு ஒத்த தேதி பொறித்த நான்கு ஃபுக்ஸ் சக்கரங்கள் கிடைப்பது சேகரிப்பாளர்களுக்குப் பெரிய கொடுப்பினை.

அந்த உலோகத்தின் வலிமை அடித்ததில் மட்டும் இல்லை. மெக்னீசியமும் சிலிக்கானும் கலந்த அலுமினியத்தை 500 டிகிரிக்கு மேல் சூடாக்கி, சட்டெனக் குளிர்வித்து, பின்னர் 160 முதல் 190 டிகிரி வரையில் பல மணி நேரம் பக்குவப்படுத்தும்போதுதான் அது சக்கரத்துக்கு உரிய உறுதியை அடைகிறது. நெளிந்த ஃபுக்ஸைக் கேஸ் விளக்கால் சூடுகாட்டி நிமிர்த்தும் பட்டறை அந்தப் பக்குவத்தையே கெடுக்கிறது. அலுமினியம் சூடேறும்போது எஃகைப்போலச் சிவப்பதில்லை. எவ்வளவு சூடாயிற்று என்று கண்ணுக்குத் தெரியாது. 200 டிகிரியைத் தாண்டி நேரம் போகப் போக அந்த இடம் மென்மையாகிறது. சக்கரம் நேராகிவிடும், பளபளப்பும் திரும்பும். அடுத்த பள்ளத்தில் அதே இடம் இன்னும் எளிதாக நெளியும். விரிசலை வெல்டிங் வைத்து மூடினால் இதே கேடு, அதைவிடத் தீவிரமாக.

ஆகவே ஃபுக்ஸ் போன்ற அடித்துச் செய்த சக்கரத்தில், விளிம்பின் ஓரத்தில் உள்ள மிகச் சிறிய நெளிவை மட்டும், வெப்பத்தை அளந்து கட்டுப்படுத்தும் கருவி உள்ள சிறப்புப் பட்டறை எடுத்துத் தரலாம். இதழ்களிலோ நட் துளைகளைச் சுற்றியோ கை வைக்கவே கூடாது. அந்தச் சக்கரம் பிறந்த ஜெர்மனியில் விதிமுறைப் போக்கு இன்னும் கறார்: அலாய் வீலில் மேலோட்டமான கீறலைச் சரிசெய்யலாம், சூடாக்கியோ வெல்டிங் வைத்தோ வளைத்து நிமிர்த்தியோ சாலைக்கு அனுப்புவதை அது ஏற்பதில்லை.

பவுடர் கோட்டிங் அடிப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அந்தப் பூச்சும் 180, 200 டிகிரியில்தான் சுடப்படுகிறது. நட் அமரும் குழியில் தடித்துப் படிந்த பூச்சு ஓட ஓட நசுங்கி, இறுக்கம் குறைந்துவிடும். குழியை மூடிவிட்டுப் பூசுவதும், முதல் 50, 100 கிலோமீட்டருக்குப் பிறகு மீண்டும் நட்டை டார்க் ரெஞ்ச்சால் சரிபார்ப்பதும் கட்டாயம்.

நான்காவது, மியூராவின் மெக்னீசியம். இதற்குத் தீர்ப்பு சுருக்கம்: நிமிர்த்தக் கூடாது.

மெக்னீசியத்தின் படிக அமைப்பு சாதாரண வெப்பநிலையில் நழுவி வளைய மிகக் குறைந்த வழிகளே தருகிறது; வளைக்க முயன்றால் விரிசல் விடும். வார்த்த மெக்னீசியத்தில் நுண்துளைகளும் உண்டு. போதாக்குறைக்கு அரிப்பு. ஈரமும் உப்பும் பட்டு, எஃகு நட்டோடு உரசிக்கொண்டிருக்கும் இடங்களில் அது வெண்பொடியாகக் கரைகிறது. பெயின்ட்டுக்கு அடியில் நடக்கும் இந்த அரிப்பு வெளியே தெரிவதில்லை. அரை நூற்றாண்டு கடந்த காம்பனோலோ சக்கரம் நெளிந்திருக்கிறது என்றால், நெளியாத பகுதியையும் நம்ப முடியாது என்றே கொள்ள வேண்டும். இதைக் கடைந்து சுத்தம் செய்ய முயல்வோருக்கும் ஆபத்து உண்டு: மெக்னீசியத் தூள் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது, ஊற்றினால் தீ மூர்க்கமாகும். வழி ஒன்றுதான். அதே வடிவில் புதிதாக வார்த்த சக்கரத்தில் காரை ஓட்டுவது, அசலைப் பத்திரமாக வைப்பது.

இது மியூராவுக்கு மட்டும் உரிய வழியல்ல. 1924இல் லியோனில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் ப்ரீயில் எத்தோரே புகாட்டி களமிறக்கிய டைப் 35 எட்டுத் தட்டை ஆரங்கள் கொண்ட வார்ப்பு அலுமினியச் சக்கரத்தில் ஓடியது. பிரேக் டிரம்மும் சக்கரத்தோடு சேர்ந்தே வார்க்கப்பட்டிருந்தது. இன்று டைப் 35களைப் பந்தயத்தில் விரட்டுவோர் பலர் புதிய வார்ப்புச் சக்கரங்களில்தான் விரட்டுகிறார்கள். அந்தக் கார்களின் மதிப்பு அதனால் குறைந்துவிடவில்லை.

எந்த உலோகமானாலும், நிமிர்த்திய பிறகு விரிசல் சோதனை செய்யாமல் டயர் ஏற்றக் கூடாது. சுத்தம் செய்த சக்கரத்தில் சிவப்புச் சாயத் திரவத்தைத் தடவி, சிறிது நேரம் ஊறவிட்டு, துடைத்து, வெள்ளைப் பொடியைத் தெளித்தால், கண்ணுக்குத் தெரியாத விரிசல் செந்நிறக் கோடாக மேலே வரும். எஃகுக்குக் காந்தத் துகள் சோதனை இருக்கிறது. வார்ப்புச் சக்கரத்தின் உட்புறத்தைப் பார்க்க எக்ஸ்-ரே வேண்டும். சக்கரத்தைக் கொடுக்கும்போதே பட்டறையிடம் மூன்று விஷயங்களைக் கேட்டுவிடலாம்: எவ்வளவு சூடாக்குவீர்கள், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளைத் தாளில் தருவீர்களா, விரிசல் சோதனை யார் செய்வார்கள்? பதில் தயங்கி வந்தால் சக்கரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வருவதே நலம்.

இத்தனைக்கும் பிறகு உரிமையாளர் மனத்தில் ஒரு வருத்தம் இருக்கும். அசல் போய்விட்டதே என்ற வருத்தம். அது நியாயமானது. ஒரு தொழிற்சாலையில், ஒரு குறிப்பிட்ட மாதத்தில், அந்தக் காரோடு பிறந்த பொருள் அது. ஆனால் அசலைக் காப்பதும் அசலில் ஓட்டுவதும் இரண்டு தனித்தனி முடிவுகள். பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா 1966இல் தோன்றியது. அது ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம், வாகனங்கள் ஓட வேண்டும் என்றும் விரும்புகிறது. செய்யும் மாற்றம் திருப்பி எடுக்கத்தக்கதாகவும் பதிவு செய்யப்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்றும் எதிர்பார்க்கிறது. நட்டைக் கழற்றினால் மாற்றிவிடக்கூடிய சக்கரத்தைவிட எளிதில் திருப்பி எடுக்கத்தக்க மாற்றம் காரில் வேறில்லை.

ஓய்வு பெற்ற சக்கரத்துக்குச் செய்ய வேண்டியவை சில. பொறித்த எண்களையும் தேதியையும் படம் எடுத்து, அளவுகளோடு காரின் கோப்பில் வைக்க வேண்டும். ‘ஓட்டத் தகுதியற்றது’ என்று அழியாத தகடு ஒன்றைச் சக்கரத்திலேயே கட்ட வேண்டும். ஸ்டெப்னியாக டிக்கியில் போடக் கூடாது; பஞ்சரான இரவில் அதைத்தான் மாட்ட வேண்டியிருக்கும். இதெல்லாம் மிகையல்ல. நெளிந்து, நிமிர்த்தி, பூச்சடித்து, ‘அசல், நல்ல நிலை’ என்ற பெயரோடு சக்கரங்கள் கைமாறுகின்றன. வாங்குபவர் தன் குடும்பத்தோடு அதில் நெடுஞ்சாலை ஏறுகிறார்.

இந்தச் சுழலை உடைக்கும் வசதி பழைய கார்க் கழகங்களிடமும் அவற்றின் நடுவர்களிடமும் இருக்கிறது. கண்காட்சியில் அசல் சக்கரம் இல்லையென்றால் மதிப்பெண் குறைப்பது பரவலான வழக்கம். அந்த வழக்கமே நெளிந்த மெக்னீசியத்தையும் வெல்டிங் வைத்த ஃபுக்ஸையும் மீண்டும் மீண்டும் சாலைக்குத் தள்ளுகிறது. பாதுகாப்பான மாற்றுச் சக்கரத்தில் ஓடிவந்து, அசலை அதன் சோதனை அறிக்கையோடும் படங்களோடும் அருகில் வைத்துக் காட்டும் காருக்கு ஒரு மதிப்பெண்கூடக் குறையாது என்று கழகங்கள் தங்கள் விதிப்புத்தகத்தில் எழுதிவிட வேண்டும். பேணுவோர் கூடியிருக்கும் இந்த அவையின் முன் வைக்கப்படும் கோரிக்கை இதுவே. அடுத்த கண்காட்சிக்கான மதிப்பீட்டுத் தாளை அச்சிடும் முன்பே இதைச் செய்யலாம்.